தடுப்பைத் திறக்கும் மீயொலி: தலைக்கவசமா, மண்டையோட்டில் பதிக்கும் கருவியா, பழைய வழிகளா?

கிளையோபிளாஸ்டோமா என்னும் மூளைப் புற்றுநோய்க்கு அறுவையும் கதிர்வீச்சும் மாத்திரையும் முடிந்த பிறகு, கட்டி மறுபடி வளரத் தொடங்கிவிட்டதாக எம்.ஆர்.ஐ. காட்டும்போது, வீட்டார் இணையத்தைத் துழாவுகிறார்கள். அப்போது கண்ணில் படுபவற்றுள் ஒன்று மீயொலியால் மூளையின் தடுப்பைத் திறந்து மருந்தை உள்ளே அனுப்பும் செய்தி. டொரண்டோவுக்குப் போவதா, பாரிசுக்கா, சிகாகோவுக்கா என்று கேட்கும் வாசகர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது, இதை ஊரைப் பார்த்து முடிவு செய்ய முடியாது என்பதுதான். வயிற்று ஸ்கேனுக்குப் பயன்படும் அதே அல்ட்ராசவுண்ட் அலைதான் எல்லா இடத்திலும் வேலை செய்கிறது என்றாலும், அதைத் தலைக்குள் செலுத்தும் கருவிகள் குறைந்தது மூன்று வகைப்படும். ஒவ்வொன்றும் வேறு வகை நோயாளிக்கு உரியது. மீயொலி இல்லாமலே தடுப்பைத் தாண்டும் மூன்று பழைய வழிகளும் உண்டு, அவற்றையும் ஒதுக்கிவிட முடியாது.

தடுப்பு எங்கே இருக்கிறது, எங்கே இல்லை

மூளையின் நுண்குழாய்களில் உட்சுவர்ச் செல்கள் ஒன்றோடொன்று இறுக்கமாகப் பிணைந்திருப்பதால், உடலின் மற்ற உறுப்புகளில் எளிதாகக் கசிந்து போகும் மருந்துகள் இங்கே இரத்தத்திலேயே தங்கிவிடுகின்றன. தப்பி நுழைவனவற்றையும் பி-கிளைக்கோபுரோட்டீன் போன்ற புரதங்கள் பிடித்து வெளியே தள்ளுகின்றன. இதையே இரத்த-மூளைத் தடுப்பு என்கிறோம்.

செய்திகளில் விடுபட்டுப் போகும் விவரம் ஒன்று உண்டு. கட்டியின் நடுப்பகுதியில் இந்தத் தடுப்பு ஏற்கெனவே பழுதாகிக் கசிந்துகொண்டிருக்கிறது, எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது படம் தெளிவதற்காக நரம்பு வழியே செலுத்தும் கடோலினியம் என்னும் பொருள் அங்கே வெள்ளையாக ஒளிர்வது அதனால்தான். உண்மையான சிக்கல் அந்த வெள்ளை வளையத்துக்கு வெளியே, பார்வைக்கு நல்ல மூளையாகத் தெரியும் பகுதிக்குள் ஊடுருவிக் கிடக்கும் செல்களில் இருக்கிறது. அறுவை மருத்துவர் அவற்றை எடுக்க முடியாது. தடுப்பு அங்கே பெரும்பாலும் முழுதாக இருப்பதால் மருந்தும் சரியாகப் போய்ச் சேராது. கிளையோபிளாஸ்டோமா திரும்பி வரும்போது பெரும்பாலும் பழைய கட்டியின் விளிம்பிலிருந்து 2 சென்டிமீட்டருக்குள்ளேயே முளைக்கிறது. ஆகவே எந்த வழியை எடைபோட்டாலும், ஏற்கெனவே கசியும் நடுப்பகுதியோடு அது நிற்கிறதா, சுற்றுப்புறத்தையும் எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும்.

மீயொலி இதைச் செய்யும் விதம் எளிமையானது. இதய எக்கோவில் படம் தெளிவாகத் தெரிவதற்காகச் செலுத்தும் நுண்குமிழி மருந்தை நரம்பு வழியே ஏற்றுகிறார்கள். ஏறத்தாழச் சிவப்பணு அளவே உள்ள, வாயு நிரம்பிய இக்குமிழிகள் மீயொலி அலை படும் இடத்தில் மட்டும் விரிந்து சுருங்கி, குழாய்ச் சுவரைத் தள்ளித் தள்ளி அதன் இறுக்கத்தைத் தளர்த்துகின்றன. வெப்பத்துக்கு இதில் பங்கில்லை. விரைவிலேயே சுவர் மீண்டும் இறுகத் தொடங்கி, ஏறத்தாழ ஒரு நாளில் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. ஆற்றல் மிகுந்தால் குமிழிகள் வெடித்து நுண்ணிய இரத்தக்கசிவை உண்டாக்கும். குறைந்தால் ஒன்றுமே திறக்காது. குல்லர்வோ ஹைனினன் குழுவினர் பாஸ்டனில் முயல்களில் இதைச் செய்துகாட்டிய முடிவுகளை 2001இல் வெளியிட்டார்கள். மனிதரிடம் வர மேலும் 13 ஆண்டுகள் ஆயின.

எதை வைத்து எடைபோடுவது

ஒப்பிடுவதற்கு முன் அடிப்படை அளவு ஒன்று வேண்டும். புதிதாகக் கண்டறியப்பட்ட கிளையோபிளாஸ்டோமாவுக்கு 2005இல் ரோஜர் ஸ்டுப் தலைமையில் வெளியான ஆய்வே இன்றைய வழக்கமான சிகிச்சையை நிறுவியது: 30 தவணைகளில் 60 கிரே கதிர்வீச்சும் டெமோசோலமைடு மாத்திரையும் சேர்ந்தபோது இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் இதைவிட நீண்டு வாழ்ந்தார்கள்) 14.6 மாதங்கள், கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களுக்கு 12.1 மாதங்கள். மாத்திரை உண்டாக்கும் சேதத்தைச் சரிசெய்யும் எம்.ஜி.எம்.டி. மரபணு, மெத்திலேற்றம் என்னும் வேதிக் குறியால் கட்டியில் முடங்கியிருந்தவர்கள் மாத்திரையால் கூடுதல் பயன் பெற்றார்கள். நோய் திரும்பிய பிறகு நிலைமை இன்னும் கடினம். 2017இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில் லோமஸ்டின் என்னும் கீமோ மருந்து மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 8.6 மாதங்கள், குழாய்க் கசிவை அடைக்கும் பெவாசிஸுமாப் மருந்தையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 9.1 மாதங்கள், அதாவது சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. புதிய வழி எதுவானாலும் இந்த எண்களோடு மோதித்தான் தன்னை நிறுவ வேண்டும்.

என் பார்வையில் ஐந்து கேள்விகள் போதும். திறக்கும் பரப்பு எவ்வளவு, அது ஊடுருவிய விளிம்பை எட்டுகிறதா? எத்தனை முறை திரும்பச் செய்ய முடியும்? திறந்த நேரத்தில் உள்ளே போகும் மருந்து எது? அறுவை, மயக்க மருந்து, தலையில் திருகும் சட்டகம், பயணம் என்று நோயாளி தர வேண்டிய விலை என்ன? பயன் உண்டு என்பதற்கான சான்று எந்தக் கட்டத்தில் இருக்கிறது (முதல் கட்ட ஆய்வு பாதுகாப்பைப் பார்க்கும், மூன்றாம் கட்டம் வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிடும்)? இவற்றுள் மூன்றாவதுக்கே நான் அதிக எடை கொடுப்பேன். தடுப்பைத் திறப்பது மருந்தின் அளவை உயர்த்துமே தவிர, அந்தக் கட்டியைக் கொல்லத் தெரியாத மருந்துக்கு அந்தத் திறமையைக் கற்றுத்தராது. குடும்பங்கள் கருவியின் பெயரைக் கேட்கின்றன. மருந்தின் பெயரைக் கேட்பவர் குறைவு.

| வழி | எட்டும் இடம் | திரும்பச் செய்தல் | நோயாளி பட வேண்டியது | சான்று |
|---|---|---|---|---|
| தலைக்கவச மீயொலி | ஆழமான இடங்கள் உட்பட, குறித்துத் தேர்ந்த பகுதி | மாதந்தோறும், ஒவ்வொரு முறையும் எம்.ஆர்.ஐ. அறையில் | மொட்டை, சட்டகம், பல மணி நேரம் | முதல், இரண்டாம் கட்டம் |
| மண்டையோட்டில் பதிக்கும் கருவி | கருவிக்குக் கீழே உள்ள பரந்த பகுதி | சில வாரங்களுக்கு ஒருமுறை, சில நிமிடங்கள் | அறுவை, உள்ளே தங்கும் பொருள் | மூன்றாம் கட்டம் நடக்கிறது |
| வழிகாட்டிக் கருவி | தேர்ந்த பகுதி | எம்.ஆர்.ஐ. அறை இன்றி | ஒப்பீட்டளவில் குறைவு | மிகத் தொடக்க நிலை |
| தமனி வழி மானிட்டால் | அந்தத் தமனி பாயும் பகுதி முழுதும் | மாதம் இரு நாள் | முழு மயக்கம், வலிப்பு அபாயம் | சில நோய்களில் நீண்ட அனுபவம் |
| மருந்து வில்லை | குழிவின் ஓரம், சில மில்லிமீட்டர் | ஒரே முறை | அறுவையோடு சேர்ந்தது | மூன்றாம் கட்டம் முடிந்தது, பயன் சிறிது |
| குழாய் வழி ஊட்டல் | குழாய் முனையைச் சுற்றி | அரிது | மூளைக்குள் குழாய்கள் | மூன்றாம் கட்டத்தில் ஒரு தோல்வி |

தலைக்கவசம்: வெளியிலிருந்து, ஆழம் வரை

இன்சைடெக் நிறுவனத்தின் எக்ஸாப்லேட் கருவி, தலையை மூடும் அரைக்கோளக் கவசம். அதன் உட்புறத்தில் 1024 ஒலிமூலங்கள் பதிந்திருக்கின்றன. கைநடுக்க நோய்க்காக மூளையின் ஆழத்தில் ஒரு புள்ளியைச் சுட்டுவிடும் சிகிச்சைக்கு இதே குடும்பக் கருவிக்கு அமெரிக்காவில் 2016இல் ஒப்புதல் கிடைத்தது. தடுப்பைத் திறக்கும் வேலையில் ஆற்றலும் அதிர்வெண்ணும் அதைவிடக் குறைவு. ஏறத்தாழ 220 கிலோஹெர்ட்ஸ். நடுக்கத்துக்கான ஒப்புதலைக் காட்டி, இதற்கும் அனுமதி இருப்பதாக நினைப்பவர்களைப் பார்க்கிறேன். அப்படி இல்லை, மூளைப் புற்றுநோயில் இது இன்னும் ஆய்வு நிலையிலேயே இருக்கிறது.

அமர்வு நாள் எப்படிப் போகும் என்று தெரிந்துகொண்டு முடிவெடுப்பது நல்லது. மயிர்க்கால்களில் தங்கும் காற்று அலையைத் தடுக்கும் என்பதால் தலையை முழுதாக மழித்துவிடுகிறார்கள். நான்கு இடங்களில் மரப்பு ஊசி போட்டு உலோகச் சட்டகத்தைத் தலையில் திருகுகிறார்கள். கவசத்துக்கும் தோலுக்கும் நடுவே குளிர்ந்த நீர் சுழல்கிறது. எலும்பின் தடிப்பு இடத்துக்கிடம் மாறுவதால், முன்கூட்டி எடுத்த சி.டி. படத்தைக் கொண்டு ஒவ்வொரு ஒலிமூலத்தின் அலையையும் கணினி தனித்தனியே திருத்துகிறது. குமிழிகள் எழுப்பும் ஒலியைக் கருவி கேட்டுக்கொண்டே இருந்து, வெடிக்கப் போகும் அறிகுறி தெரிந்தால் ஆற்றலைக் குறைக்கிறது. எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் நோயாளி விழித்த நிலையில் மணிக்கணக்கில் படுத்திருக்க வேண்டும். மூடிய இடத்தில் மூச்சுமுட்டுவதாக உணர்பவர், நீண்ட நேரம் மல்லாந்து படுக்க முடியாதவர், பேச்சும் புரிதலும் பாதிக்கப்பட்டிருப்பவர் ஆகியோருக்கு இது சிறிய செய்தி அல்ல. ஆறு சுழற்சி மருந்துக்கு ஆறு முறை இதைக் கடக்க வேண்டும்.

இந்த வழியில் முதல் மூளைக்கட்டி நோயாளிக்கு 2015 நவம்பரில் டொரண்டோவின் சன்னிபுரூக் மருத்துவமனையில் டாட் மெயின்பிரைஸ் குழுவினர் தடுப்பைத் திறந்தார்கள். அவர்கள் 2019இல் வெளியிட்ட அறிக்கை ஐந்து பேரைப் பற்றியது. பாதுகாப்பாகச் செய்ய முடியும் என்பதே அதன் முடிவு. அதே மருத்துவமனையின் 2021 ஆய்வே எனக்கு இத்துறையில் மிகத் தெளிவாகத் தோன்றுகிறது: மார்பகப் புற்றுநோய் மூளைக்குப் பரவிய நான்கு பேருக்கு, கதிரியக்கக் குறியிட்ட டிராஸ்டுசுமாப் மருந்தை ஏற்றி, மீயொலி பட்ட கட்டியில் அது கூடுதலாகச் சேர்வதைப் படத்திலேயே காட்டினார்கள். டெமோசோலமைடைவிட எழுநூறு மடங்குக்கும் மேல் பெரிய மூலக்கூறு அது. வழக்கமாக நல்ல தடுப்பைத் தாண்டாது.

கிளையோபிளாஸ்டோமாவில் பெரிதாகப் பேசப்படுவது, மேரிலாந்தின் கிரேம் வுட்வொர்த் தலைமையில் அமெரிக்கா, கனடா மருத்துவமனைகளில் நடந்து 2025இல் வெளியான ஆய்வு. அறுவையும் கதிர்வீச்சும் முடிந்த 34 பேருக்கு மாதந்தோறும் டெமோசோலமைடோடு தடுப்பையும் திறந்தபோது இடைநிலை ஆயுள் 30 மாதங்களைத் தாண்டியது. ஒப்பிட எடுத்துக்கொண்ட, வேறிடத்தில் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களுக்கு 19 மாதங்கள். நம்பிக்கை தரும் எண்தான். ஆனால் அந்த ஒப்பீடு சீட்டுக் குலுக்கிப் பிரித்த இரு குழுக்களுக்கு இடையே நடந்ததல்ல. எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் மாதாமாதம் படுத்தெழத் திராணி உள்ளவர், தொடக்கத்திலேயே மற்றவர்களைவிட நல்ல நிலையில் இருந்திருப்பார். எவ்வளவு கவனமாகப் பொருத்திப் பார்த்தாலும் அந்த வேறுபாடு முழுதாக மறையாது.

இது சிறந்த தேர்வாக அமையும் இடங்கள்: மறு அறுவைக்கு இடமில்லாத ஆழமான கட்டி, குழந்தைகளுக்கு மூளைத்தண்டில் வரும் பரவிய கட்டி (அங்கே கத்தி வைக்கவே முடியாது), வேறு உறுப்பிலிருந்து மூளைக்குப் பரவி, பெரிய புரத மருந்தை வெகு சில புள்ளிகளுக்கு அனுப்ப வேண்டிய கட்டிகள்.

மண்டையோட்டில் பதிக்கும் கருவி: ஒரு அறுவை, பிறகு எளிது

பாரிசின் பித்தியே-சல்பெத்ரியேர் மருத்துவமனை நரம்பு அறுவை மருத்துவர் அலெக்சாந்திர் கார்பாந்தியே வேறு விதமாக யோசித்தார். அலைக்கு எதிரி எலும்பு என்றால், அலையை எலும்புக்கு உள்ளே வைத்துவிடலாமே. கட்டியை எடுக்கத் திறந்த மண்டையோட்டு இடத்தில் பொருத்தும் சோனோகிளவுட் அப்படிப் பிறந்தது. காதேரா நிறுவனம் அதை உருவாக்கியது. மனிதரில் முதல் ஆய்வு 2014இல் தொடங்கியது, அதாவது டொரண்டோவுக்கும் முன்னால். முதல் வடிவத்தில் ஒரே ஒலிமூலம் இருந்தது. இப்போதைய சோனோகிளவுட்-9 வடிவத்தில் ஒன்பது. இதன் அலை ஒரு புள்ளியில் குவிவதில்லை. கருவிக்குக் கீழே உள்ள பகுதி முழுதையும் நனைத்தபடி இறங்குகிறது. விளிம்பைப் பற்றி முன்பு சொன்னதை நினைத்தால், இந்த நோய்க்கு அதுவே நன்மை.

காயம் ஆறிய பிறகு ஒவ்வொரு அமர்வும் கீமோ ஏற்ற வரும் நாளோடு சேர்ந்துவிடுகிறது. தலைத்தோலின் வழியே ஊசி முனையைக் கருவியோடு இணைத்து, குமிழி மருந்தை ஏற்றி, நான்கைந்து நிமிடம் மின்னோட்டம் கொடுத்து எடுத்துவிடுகிறார்கள். எம்.ஆர்.ஐ. அறையோ சட்டகமோ மொட்டையோ வேண்டியதில்லை.

சிகாகோவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஆடம் சோனாபெண்டும் ஸ்டுப்பும் நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். நோய் திரும்பிய 17 பேர். மருந்து, ஆல்புமின் புரதத்தோடு பிணைத்த பேக்ளிடாக்சல். ஆய்வகத்தில் கிளையோபிளாஸ்டோமா செல்களை டெமோசோலமைடைவிடப் பல மடங்கு வலிமையாகக் கொல்லும் இந்த மருந்தை, வெளியேற்றும் புரதங்கள் மூளையிலிருந்து துரத்திவிடுவதால் இதுவரை பயன்படுத்த முடியவில்லை. அறுவையின்போதே சிலருக்குத் தடுப்பைத் திறந்து மருந்தை ஏற்றி, மீயொலி பட்ட இடத்திலும் படாத இடத்திலும் கட்டியைச் சுற்றிய மூளையிலிருந்து துணுக்குகள் எடுத்து அளந்தார்கள். பேக்ளிடாக்சல் ஏறத்தாழ 3.7 மடங்கும், வேறு சிலருக்கு ஏற்றிய கார்போபிளாட்டின் என்னும் கீமோ மருந்து 5.9 மடங்கும் கூடியிருந்தன. உள்ளே போனதா என்பதற்கு இதைவிட நேரான விடை கிடையாது. தடுப்பின் பெரும்பகுதி முதல் ஒரு மணி நேரத்திலேயே மூடிக்கொள்கிறது என்றும் அதே ஆய்வு காட்டியது. ஆகவே மருந்தை எப்போது தொடங்குவது என்பதில் அரை மணித் தாமதம்கூடப் பொருட்படுத்த வேண்டியதாகிறது. உடல் மேற்பரப்பின் சதுர மீட்டருக்கு 260 மில்லிகிராம் என்ற உச்ச அளவில் மூளைச் செயல்குழப்பம் தோன்றியது. மருந்து மூளைக்குள் போவதற்கு அதுவும் ஒரு சான்றுதான், வேண்டாத சான்று.

இப்போது நடக்கும் சோனோபேர்ட் என்னும் மூன்றாம் கட்ட ஆய்வு, நோய் திரும்பியவர்களில் சோனோகிளவுட்-9, கார்போபிளாட்டின் இரண்டையும் சேர்த்து, லோமஸ்டின் அல்லது டெமோசோலமைடோடு ஒப்பிடுகிறது. மீயொலி ஆயுளை நீட்டுகிறதா என்ற கேள்விக்குக் குலுக்கல் முறையில் விடை தேடும் பெரிய முயற்சி இது. எனக்கு ஒரு நெருடல் உண்டு. கார்போபிளாட்டின் இந்த நோயில் பழைய மருந்து, தனியே பெரிதாகச் சாதித்ததில்லை. ஆய்வு தோற்றால் தோற்றது மீயொலியா மருந்தா என்று பிரித்தறிவது கடினமாகும்.

மறைந்த செலவுகளைக் கணக்கிலெடுக்க வேண்டும். உள்ளே தங்கும் எந்தப் பொருளும் தொற்றுக்கு இடம். ஏற்கெனவே கதிர்வீச்சு பட்டு மெலிந்த தலைத்தோலில் காயம் ஆறாமல் பிரச்சினை தரலாம். கருவி பதித்த இடம் நிலையானது. கட்டி மூளையின் மறுபக்கத்தில் முளைத்தால் அது உதவாது. எம்.ஆர்.ஐ. எடுக்கும் ஒவ்வொரு முறையும் கருவி இருப்பதை முன்கூட்டிச் சொல்லி, அதற்குரிய நிபந்தனைகளோடு எடுக்க வேண்டும். ஊர் திரும்பிய பிறகு கருவியைப் பார்த்திராத மருத்துவமனையில் இது தொல்லையாகலாம். கருவியின் அட்டையைக் கையோடு வைத்திருக்க வேண்டியிருக்கும்.

இதன் இடம் தெளிவு: மறு அறுவை எப்படியும் செய்யப் போகிறார்கள், கட்டி மேற்புறப் பகுதியில் ஒரே பக்கத்தில் இருக்கிறது, நோயாளி நடந்து பேசி வேலைகளைத் தானே செய்துகொள்கிறார் என்றால், மூன்று மீயொலி வழிகளுள் இதையே முதலில் விசாரிக்கச் சொல்வேன். கருவிக்காகவே தலையைத் திறப்பது வேறு கணக்கு. அதற்கு இப்போதுள்ள சான்று போதாது.

வழிகாட்டிக் கருவி

தைவானின் சாங் குங் மருத்துவமனையில் முயன்ற நேவிஃபஸ், அறுவை அரங்கில் பயன்படும் வழிகாட்டி முறையைக் கொண்டு, முன்பே எடுத்த படத்தின் துணையோடு வெளியிலிருந்து அலையைச் செலுத்துகிறது. எம்.ஆர்.ஐ. அறையையும் அறுவையையும் ஒருசேரத் தவிர்க்கிறது. 2021இல் வெளியான முதல் அறிக்கை ஆறு பேரைப் பற்றியது. தடுப்பு திறந்து ஒரு நாளில் மூடிக்கொண்டது. கதிர்வீச்சோடு சேர்த்தும் முயல்கிறார்கள். மருத்துவமனைகளுக்கு மலிவாக அமையக்கூடிய வழி இது என்பதால் பின்னாளில் நம் நாடுகளுக்கு முதலில் வருவதும் இதுவாக இருக்கலாம். இன்றைய நோயாளி முடிவெடுக்க இந்தச் சான்று போதாது.

மீயொலி இல்லாத மூன்று வழிகள்

தமனிக்குள் அடர்ந்த மானிட்டால் கரைசலை வேகமாகச் செலுத்தினால், குழாய்ச் சுவர்ச் செல்கள் நீர் இழந்து சுருங்கி, இடுக்குகள் திறக்கின்றன. அமெரிக்காவின் ஓரிகனில் எட்வர்ட் நியூவெல்ட் பல பத்தாண்டுகள் இதை வளர்த்தெடுத்தார். மூளையிலேயே தோன்றும் லிம்போமா என்னும் நிணநீர்ச் செல் புற்றுநோய்க்கு மெத்தோட்ரெக்சேட் என்னும் கீமோ மருந்தோடு சேர்த்து, நான்கு வாரத்துக்கு ஒருமுறை அடுத்தடுத்த இரு நாட்கள் என்று ஓராண்டு வரை கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் முழு மயக்கமும் தமனிக்குள் குழாயும் வேண்டும், வலிப்பு வரலாம், திறந்திருப்பது சுமார் அரை மணி நேரம், நோயில்லாத பகுதியும் சேர்ந்து திறக்கும். அந்தப் பரப்பே பரவிக் கிடக்கும் லிம்போமாவுக்கு நன்மை. பழகிய குழு இருக்கும் வெகு சில மையங்களில் மட்டுமே இதை யோசிக்கலாம்.

கார்மஸ்டின் என்னும் கீமோ மருந்து அடங்கிய வில்லை, கட்டியை எடுத்த குழிவின் சுவரில் எட்டு வரை ஒட்டிவிட்டு வருவது. வில்லை ஒன்றில் 7.7 மில்லிகிராம் மருந்து. புதிதாகக் கண்டறியப்பட்டவர்களில் 2003இல் வெளியான மூன்றாம் கட்ட ஆய்வில் இடைநிலை ஆயுள் 13.9 மாதங்கள், வெற்று வில்லை பெற்றவர்களுக்கு 11.6. தடுப்பை இது திறப்பதில்லை, சுற்றிக்கொண்டு போகிறது. மருந்து சில மில்லிமீட்டருக்கு அப்பால் பரவாது என்பதே அதன் எல்லை. மூளை வீக்கமும் காயம் ஆறாமையும் அறிந்த தொல்லைகள். வில்லை வைத்தவர்களைப் பல புதிய ஆய்வுகள் சேர்த்துக்கொள்வதில்லை. மீயொலி ஆய்வில் சேர எண்ணமிருந்தால், வில்லைக்கு ஒப்புக்கொள்ளும் முன் இதைக் கேட்டுவிட வேண்டும்.

மூன்றாவது, மெல்லிய குழாய்களை மூளைக்குள் செருகி அழுத்தத்தால் மருந்தைப் பரப்புவது. அமெரிக்கத் தேசிய நலக் கழகத்தில் எட்வர்ட் ஓல்ட்ஃபீல்டு குழுவினர் 1994இல் அறிமுகப்படுத்தினார்கள். கோட்பாட்டில் இதற்கு நிகரில்லை. மருந்தின் பருமன் ஒரு தடையே இல்லை. நடைமுறையில் மருந்து குழாயோரம் பின்வாங்கி வழிந்துவிடுகிறது. பிரிசைஸ் என்ற மூன்றாம் கட்ட ஆய்வில் வில்லையைவிட மேலான பயன் தெரியவில்லை. குழாய்களைச் சரியான இடத்தில் வைப்பதே பலருக்குக் கூடிவரவில்லை. டியூக் பல்கலைக்கழகம் திருத்திய போலியோ வைரசை இவ்வழியே 61 பேருக்குச் செலுத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில் மூன்றாண்டு உயிரோடிருந்தோர் 21 விழுக்காடு. ஒப்பிட்டது பழைய நோயாளிகளோடு.

எல்லா மீயொலி வழிகளுக்கும் பொதுவான மறைவிலை

சிகிச்சைகளின் வரிசையைத்தான் முதலில் சொல்ல வேண்டும். பெவாசிஸுமாப் குழாய்க் கசிவை அடைத்து வீக்கத்தைக் குறைக்கும் மருந்து. நோயாளிக்கு அது தரும் நிம்மதி உண்மையானது. ஆனால் தடுப்பைத் திறக்கும் முயற்சிக்கு அது எதிர்த்திசையில் வேலை செய்கிறது, படத்தையும் மாற்றிக் காட்டுகிறது. அண்மையில் அதைப் பெற்றவர்களைப் பல ஆய்வுகள் ஒதுக்கிவிடுகின்றன. ஆய்வில் சேர எண்ணுகிறவர்கள் அதன் முதல் தவணைக்கு முன் பேச வேண்டும்; பிறகு பேசினால் பல வாரங்கள் காத்திருக்க நேரலாம், இந்த நோயில் பல வாரங்கள் என்பது பெரிய தொகை. மூளை வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு மாத்திரையான டெக்சாமெத்தசோன் அளவுக்கும் ஆய்வுகள் பெரும்பாலும் வரம்பு வைத்திருக்கின்றன. அதற்காக மாத்திரையைத் தாங்களே குறைப்பது ஆபத்து. மூளை வீக்கம் சட்டென்று ஏறிவிடும்.

அடுத்தது படம். தடுப்பைத் திறந்த இடத்தில் கடோலினியம் ஒளிர்வது எதிர்பார்த்ததே. அமர்வை ஒட்டி வேறொரு மருத்துவமனையில் எடுக்கும் படத்தில் புதிய ஒளிர்வு தெரிந்தால், நோய் முற்றிவிட்டது என்று அவசரப்பட்டுச் சொல்லிவிட வாய்ப்புண்டு. அமர்வு நாள்களின் பட்டியலைப் படத்தோடு சேர்த்துக் கொடுப்பது நல்லது.

குமிழி மருந்துக்கும் நிபந்தனை உண்டு. அதன் உட்பொருள்களுக்கு ஒவ்வாமை உள்ளவர்களும் கடுமையான இதய, நுரையீரல் கோளாறு உள்ளவர்களும் முன்கூட்டிச் சொல்லியாக வேண்டும்.

பணத்தைப் பொறுத்தவரை, முறையான ஆய்வில் கருவிக்கும் அமர்வுக்கும் நோயாளியிடம் பெரும்பாலும் வாங்குவதில்லை. வெளிநாட்டில் தங்குவதும், ஆறு மாதம் மாதந்தோறும் பறப்பதும், ஆய்வுக்கு வெளியே வரும் வலிப்புக்கோ காய்ச்சலுக்கோ ஆகும் மருத்துவமனைச் செலவுமே குடும்பத்தை அழுத்துகின்றன. குலுக்கலில் வழக்கமான சிகிச்சைக் குழுவில் விழுந்தால், உள்ளூரிலேயே கிடைக்கும் மாத்திரையைக் கடல் கடந்து வாங்கியதாக முடியும். அதை மனத்தில் ஏற்றுக்கொண்டவர்தான் கிளம்ப வேண்டும். கோவையில் இவ்வகைத் தலைக்கவசக் கருவி நடுக்க நோய்க்குப் பயன்படுகிறது. புற்றுநோய்க்குத் தடுப்பைத் திறப்பதோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இந்தியாவில் ஆய்வு என்று யாரேனும் அழைத்தால், நாட்டின் மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அதன் பதிவு எண்ணைக் கேளுங்கள். கருவிக்குப் பணம் கட்டச் சொன்னால் இரண்டாம் கருத்து கேளுங்கள்.

யாருக்கு எது

முதல் சிகிச்சை இப்போதுதான் தொடங்குகிறது, எம்.ஜி.எம்.டி. மெத்திலேற்றமும் இருக்கிறது என்றால், வழக்கமான கதிர்வீச்சையும் டெமோசோலமைடையும் எந்த ஆய்வுக்காகவும் தள்ளிப்போடக் கூடாது. அதோடு சேர்ந்து நடக்கும் தலைக்கவச ஆய்வு எட்டும் தூரத்தில் இருந்தால் சேரலாம். நோய் திரும்பி மறு அறுவை முடிவாகியிருந்தால், அறுவைக்கு நாள் குறிக்கும் முன்பே பதிக்கும் கருவி பற்றி விசாரிக்க வேண்டும். அறுவை முடிந்த பின் கேட்பதில் பயனில்லை. மூளைத்தண்டுக் கட்டியுள்ள குழந்தைக்குத் தலைக்கவசத்தையும் குழாய் வழியையும் நடத்தும் மையங்களை ஒரே நேரத்தில் அணுகலாம். மார்பக, நுரையீரல் புற்றுநோய் மூளைக்குப் பரவியவர்களுக்கு, தடுப்பைத் தாங்களே தாண்டும் புதிய இலக்கு மாத்திரைகள் இருக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். இருந்தால் மீயொலியின் தேவை பின்னுக்குப் போகிறது. நாளின் பெரும்பகுதி படுக்கையில் கழிகிறது, வீக்கத்துக்கான மருந்து உச்ச அளவில் ஓடுகிறது என்றால் இவற்றுள் எதுவும் வேண்டாம் என்பதே என் கருத்து. வலிப்புக் கட்டுப்பாடும் தலைவலி நிவாரணமும் வீட்டிலேயே பராமரிப்புக் குழுவும் அவருக்கு இந்தப் பயணத்தைவிடக் கூடுதலாகச் செய்யும்.

விசாரிக்கத் தொடங்குபவர்கள் முதல் மின்னஞ்சலிலேயே இவற்றை அனுப்பினால் வாரக்கணக்கில் நேரம் மிஞ்சும்: ஐ.டி.எச்., எம்.ஜி.எம்.டி. என்னும் இரு மரபணுச் சோதனைகளின் முடிவுகள் அடங்கிய திசு அறிக்கை, கடைசி இரண்டு எம்.ஆர்.ஐ. தொகுப்புகள் அச்சுப்படமாக இல்லாமல் முழுக் கணினிக் கோப்பாக, தலையின் மெல்லிய வெட்டுகள் கொண்ட சி.டி. ஸ்கேன், கதிர்வீச்சு முடிந்த தேதி, இதுவரை ஏற்றிய மருந்துகளின் பெயரும் கடைசித் தவணைத் தேதியும், இன்றைய டெக்சாமெத்தசோன் அளவு.